சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்: கிரான்யூல்ஸ் இறக்குமதி செய்யும் செட்டிநாட்டுத் தொழிற்கூடத்தாருக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடி, தேவகோட்டை, சிவகங்கை, புதுக்கோட்டை வட்டாரங்களில் குடமும் வாளியும் வார்க்கிற, குழாய் இழுக்கிற, குப்பைப் பை ஊதுகிற தொழிற்கூட உரிமையாளர்களுக்கு வணக்கம்.

ரீபிராசஸ் கிரான்யூல்ஸ், அதாவது பழைய பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்த குருணை, டன் 700 டாலர் என்று தரகர் சொல்கிறார். "பெட்டிக்கு ஏஜென்சி மூவாயிரம்தாண்ணே, மத்ததெல்லாம் ஆக்சுவல்" என்று, சுங்கத்தில் சரக்கை விடுவித்துத் தரும் கிளியரிங் ஏஜென்ட் சொல்கிறார். சரக்கு தொழிற்கூட செட்டில் இறங்கி ஒரு மாதம் கழித்துக் கணக்குப் போட்டால் கிலோவுக்கு ஐந்து ரூபாய் எங்கே போனது என்று தெரிவதில்லை. ஆன செலவு அப்படியே என்று பொருள்படும் அந்த "ஆக்சுவல்" என்ற ஒரு சொல்லைப் பற்றித்தான் இந்த மடல்.

முதலில் அளவுகோல் ஒன்று. நாற்பதடிப் பெட்டியில் (கண்டெய்னரில்) ஏறத்தாழ 25 டன் ஏறும். 25 கிலோ மூட்டையாக 1,000 மூட்டை. ஆகவே எந்தப் பில்லிலும் 25,000 ரூபாய் என்று கண்டால் அது கிலோவுக்கு ஒரு ரூபாய். 2,500 என்றால் பத்துக் காசு. இதை மனத்தில் வைத்துக்கொண்டு பில்லைப் படித்தால், சின்னத் தொகை என்று விட்டுவிடும் வரிகளின் கனம் தெரியும்.

டாலர் 90 ரூபாய் என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். 25 டன், டன்னுக்கு 700 டாலர் சி.ஐ.எஃப். (கப்பல் கூலியும் காப்பீடும் சேர்ந்த விலை): 17,500 டாலர், அதாவது 15,75,000 ரூபாய். அடிப்படைச் சுங்கவரி 7.5 சதவீதம் என்றால் 1,18,125. அதன்மேல் சமூகநல மேல்வரி பத்தில் ஒரு பங்கு, 11,812 ரூபாய் சொச்சம். இதுவரை கிலோவுக்கு 68 ரூபாய் 20 காசு. ஐ.ஜி.எஸ்.டி. (இறக்குமதிக்கு வாங்கும் ஜி.எஸ்.டி.) 18 சதவீதம், சுமார் 3,07,000 ரூபாய், உள்ளீட்டு வரவாக, அதாவது விற்பனை ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்ளும் தொகையாகத் திரும்பிவிடும். ஆனால் திரும்பும்வரை அது உங்கள் பணம். ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் இரண்டு மாதம் முடங்கினால் கிலோவுக்கு 25 காசு போய்விடும். வரி விகிதம் மாறக்கூடியது. பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்தில் கொடுக்கும் இறக்குமதிப் பத்திரம்) போடும் நாள், கப்பலுக்கு உள்வருகை அனுமதி தரும் நாள் இரண்டில் பிந்திய நாளின் விகிதத்தை வைத்து இதே கணக்கை நீங்களே போடுங்கள், ஏஜென்டைப் போடச் சொல்லாதீர்கள். இந்த 68.20-க்கும் உங்கள் இயந்திரத்தின் ஹாப்பரில் கொட்டும்போது ஆகும் விலைக்கும் நடுவில் இருப்பதில்தான் ஏஜென்சிச் செலவு ஒளிந்திருக்கிறது.

ஏஜென்ட் வைத்துத் தொழில் செய்வது இந்த ஊருக்குப் புதிதில்லை. ரங்கூனுக்கும் பினாங்குக்கும் மூன்றாண்டுக் கணக்கில் ஏஜென்ட் அனுப்பிய ஊர் இது. சம்பளச் சீட்டு எழுதிக் கையெழுத்தான பிறகே ஆள் கப்பலேறினார்; அங்கிருந்து கணக்கு ஊருக்கு வந்துகொண்டே இருந்தது, ஐந்தொகை எடுத்துச் சரிபார்த்தார்கள். இன்று வாட்ஸாப்பில் "ஓகேண்ணே" என்று ஒரு வரியோடு 15 லட்ச ரூபாய்ச் சரக்கு கப்பலேறுகிறது.

முதல் ஓட்டை கப்பல் கூலியில் இருக்கிறது. விற்பவரே கூலி கொடுத்து அனுப்பும் சி.ஐ.எஃப். விலை பார்ப்பதற்கு மலிவு. அங்கே பார்வர்டரை (கப்பலில் இடம் பிடித்துச் சரக்கை அனுப்பிவைப்பவரை) தேர்ந்தெடுப்பவர் விற்பவர். அவருக்குக் கூலியைக் குறைத்துக் கொடுத்த பார்வர்டர், குறைத்ததை இங்கே தூத்துக்குடியில் உங்களிடம் எடுத்துக்கொள்வார். பெட்டி வந்துவிட்டது, அதை எடுக்க வேண்டிய டெலிவரி ஆர்டர் (டி.ஓ.) அவர் கையில், நீங்கள் என்ன செய்ய முடியும்? டி.ஓ. பில்லை விரித்துப் பாருங்கள்: டெர்மினல் ஹேண்ட்லிங், டி.ஓ. ஃபீஸ், பி.எல். (கப்பல் சரக்கு ரசீது) ஃபீஸ், அட்மின், கண்டெய்னர் கிளீனிங், மெயின்டனன்ஸ், சர்வே, இம்பேலன்ஸ் சர்சார்ஜ், காலிப் பெட்டி இறக்குகூலி. இதில் பாதி டாலரில் போட்டு, அவர்களே வைத்த மாற்றுவிகிதத்தில் ரூபாயாக்கியிருப்பார்கள். அந்த விகிதத்தை அன்றைய வங்கி விகிதத்தோடு ஒப்பிட்டால் அதிலும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் ஏறியிருப்பது தெரியும்.

கப்பல் நிறுவனம் தராமல் பார்வர்டரே தரும் ஹவுஸ் பி.எல். என்றால் இது இரட்டிப்பாகும். கப்பல் நிறுவனமான லைனுக்கு ஒரு தடவை, பார்வர்டருக்கு ஒரு தடவை. சில்லறைச் சரக்கை ஒன்றாகச் சேர்த்து அனுப்புவதற்குத்தான் ஹவுஸ் பி.எல். தேவை. முழுப் பெட்டி வாங்குகிறவருக்கு அது எதற்கு? ஆர்டரிலேயே "லைன் பி.எல். மட்டும்" என்று எழுதுங்கள்.

விற்பவரிடம் எஃப்.ஓ.பி. விலை (அங்கே கப்பலில் ஏற்றும்வரை உள்ள விலை), சி.ஐ.எஃப். விலை இரண்டையும் ஒரே நாளில் கேட்டு வாங்குங்கள். நம் கணக்கில் எஃப்.ஓ.பி. 16,500 டாலர், கூலியும் காப்பீடும் 1,000 டாலர் என்று வைப்போம். நீங்களாகவே இரண்டு பார்வர்டரிடம் அதே துறைமுகத்திலிருந்து தூத்துக்குடிக்குக் கூலி கேளுங்கள். கூடவே இங்கே இறங்கும் இடத்துச் செலவு முழுவதையும் வரிவரியாகக் கேளுங்கள். இரண்டையும் கூட்டித்தான் ஒப்பிட வேண்டும். கப்பல் கூலியே வாங்காமல் ஏற்றித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அவருடைய இறங்குமிடப் பட்டியலை இரண்டு முறை படியுங்கள். எஃப்.ஓ.பி.யில் எடுத்தால் கூலிக்கும் காப்பீட்டுக்கும் பில்லைக் கையில் வைத்திருங்கள். ஆதாரம் இல்லையென்றால் சுங்க மதிப்பீட்டு விதிப்படி எஃப்.ஓ.பி. மதிப்பில் 20 சதவீதத்தைக் கூலியாகவும் 1.125 சதவீதத்தைக் காப்பீடாகவும் ஏற்றுவார்கள். 1,000 டாலர் ஆகவேண்டிய இடத்தில் கூலி மட்டுமே 3,300 ஆகும். கூடுதல் 2,300-க்கு வரி 8.25 சதவீதம், சுமார் 17,000 ரூபாய். கிலோவுக்கு 68 காசு, ஒரு காகிதம் இல்லாததால்.

பேரம் பேசுகிற பலமெல்லாம் பி.எல். போடும்வரைதான். பெட்டிக்குத் தாமதக் கட்டணம் இல்லாத இலவச நாட்களும் அப்படித்தான். ஏழு நாளா, பதினான்கு நாளா, இருபத்தொன்றா என்பது பெட்டி ஏறுமுன் மின்னஞ்சலில் வரவேண்டும், பி.எல்.லிலும் அச்சாகியிருந்தால் இன்னும் நல்லது. அது துறைமுகத்து நாட்களையும் சேர்த்தா, வெளியே எடுத்தபின் மட்டுமா என்பதையும் எழுதி வாங்குங்கள். பெட்டி இறங்கியபின் கேட்டால் அதற்குப் பெயர் கெஞ்சல்.

இனி கிளியரிங் ஏஜென்ட் பில். உரிமம் பெற்ற சுங்கத் தரகர் 2018-ஆம் ஆண்டு உரிம ஒழுங்குமுறைகளுக்குக் கட்டுப்பட்டவர். உங்கள் அங்கீகாரக் கடிதம் வாங்கியே வேலை செய்யவேண்டும். வரிக்கென்று வாங்கிய பணத்தை உரிய நேரத்தில் கட்டவேண்டும். மிஞ்சியதற்கு உங்களிடம் கணக்குக் காட்டவேண்டும். இதெல்லாம் பத்தாவது ஒழுங்குமுறையிலேயே இருக்கிறது. ஆகவே ரசீது கேட்பது சந்தேகப்படுவது ஆகாது. சுங்கவரியை அவர் கணக்கு வழியாக அனுப்பவே வேண்டாம். உங்கள் வங்கியிலிருந்து நேரடியாகக் கட்டலாம்.

"ஆக்சுவல்" என்பதற்கு ஜி.எஸ்.டி. சட்டத்தில் பொருள் உண்டு. மத்திய ஜி.எஸ்.டி. விதி 33-இன்படி, உங்கள் சார்பில், உங்கள் அனுமதியோடு, வேறொருவருக்குக் கொடுத்த தொகையை அப்படியே, பில்லில் தனியாகக் காட்டினால்தான் அது தூய முகவர் செலவு. சி.எஃப்.எஸ். (துறைமுகத்துக்கு வெளியே பெட்டிகளை வைக்கும் சரக்கு நிலையம்) தந்த 6,200 ரூபாய் ரசீதை 8,000 என்று பில்லில் போட்டால் அது "ஆக்சுவல்" இல்லை, அவருடைய வருமானம். இதைவிடப் பெரிய இழப்பு வேறு இடத்தில். சி.எஃப்.எஸ்., லைன், டெர்மினல் பில்கள் ஏஜென்டின் ஜி.எஸ்.டி. எண்ணில் எடுக்கப்பட்டால் அவற்றின் 18 சதவீத வரவு உங்களுக்கு வராது. 60,000 ரூபாய் உள்ளூர்ச் செலவில் 10,800 ரூபாய் போயிற்று. கிலோவுக்கு 43 காசு. முதல் நாளே உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணைச் சி.எஃப்.எஸ்.ஸுக்கும் லைனுக்கும் கொடுத்துவிடச் சொல்லுங்கள். பிறகு பில் மாற்றித் தர ஒருவரும் வரமாட்டார்கள்.

சி.எஃப்.எஸ். கட்டணப் பட்டியலைப் பொதுப் பார்வையில், இணையதளம் உட்பட, வெளியிட்டிருக்க வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டின் சுங்கப் பகுதிச் சரக்குக் கையாளுதல் ஒழுங்குமுறை சொல்கிறது. பில்லை அந்தப் பட்டியலோடு பொருத்திப் பாருங்கள். பட்டியல் விலை ஒன்று, ஏஜென்டுக்கு உள்ளே கிடைக்கும் தள்ளுபடி ஒன்று. அந்தத் தள்ளுபடி யாருடையது என்று கேட்கும்வரை அது அவருடையதுதான்.

இதனால்தான் மிகக் குறைந்த ஏஜென்சிக் கட்டணத்தைக் கண்டு மகிழவேண்டாம் என்கிறோம். ஒரு பெட்டிக்குக் காகிதம் தயாரித்து, ஆள் அனுப்பி, பரிசோதனைக்கு நின்று, பெட்டியை வெளியே எடுக்க ஆகும் உழைப்புக்கு மூவாயிரம் கட்டாது. அவருக்கும் அது தெரியும். எண்ணாயிரமோ பத்தாயிரமோ வெளிப்படையாகக் கொடுத்து, மற்ற ஒவ்வொரு ரூபாய்க்கும் மூன்றாம் நபர் ரசீது என்று பேசிக்கொண்டால் மொத்தச் செலவு குறையும்.

"மிஸ்லேனியஸ்", "ஆபரேஷனல்", "எக்ஸ்பெடைட்" என்று ரசீதில்லாமல் வரும் வரிகளை அடித்துவிடுங்கள். அது யாருக்கோ கொடுத்த கையூட்டு என்றால், 2018-இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டத்தின்கீழ் கொடுத்தவருக்கும் ஏழாண்டுவரை சிறை உண்டு. உங்கள் பெயரில் உள்ள பில்லில் அந்த வரி இருக்கிறது என்பதை மறக்கவேண்டாம். யாருக்கும் கொடுக்கவில்லை என்றால் அது வெறும் கூடுதல் லாபம். இரண்டில் எதற்கும் நீங்கள் பணம் தரவேண்டியதில்லை.

நாள் கணக்கில் போகும் பணம் இதையெல்லாம் விழுங்கிவிடும். கப்பல் வரும் நாளுக்கு முந்தைய நாள் முடிவதற்குள் பில் ஆஃப் என்ட்ரி போட்டாக வேண்டும். விடுமுறை நாளும் கணக்கில் சேரும். தவறினால் முதல் மூன்று நாளுக்குத் தினம் 5,000, பிறகு தினம் 10,000 ரூபாய். ஐந்து நாள் பிந்தினால் 35,000. கிலோவுக்கு 1 ரூபாய் 40 காசு. 30 நாள் முன்பே போடலாம் என்று வசதியும் இருக்கிறது. தூத்துக்குடிக்கு வரும் பெட்டிகளில் பல கொழும்பில் கப்பல் மாறும். முதல் கப்பலின் தேதியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் கொழும்பிலிருந்து வரும் பீடர் கப்பல் முன்பின்னாகி ஏமாற்றிவிடும். விற்பவர் அசல் காகிதங்களை வங்கி வழியாக மெதுவாக அனுப்பினாலும் இதே கதிதான். ஏஜென்டுடன் எழுதும் உடன்பாட்டில் இதைப் பிரித்துவிடுங்கள்: முழுக் காகிதமும் கப்பலுக்கு ஏழு நாள் முன் அவர் கைக்குப் போயிருந்தால் பிந்திய கட்டணம் அவருடையது, போகவில்லையென்றால் நம்முடையது.

ரீபிராசஸ் சரக்கு என்றால் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவது அடிக்கடி நடக்கும். அறிக்கை வரும்வரை பெட்டி சி.எஃப்.எஸ்.ஸில் கிடந்தால் தரை வாடகை ஒரு பக்கம், லைன் கேட்கும் டிடென்ஷன் (பெட்டியைத் திருப்பித் தராததற்கான தாமதக் கட்டணம்) மறு பக்கம். டிடென்ஷன் நாளுக்கு 50 டாலர் என்றால் பத்து நாளில் 45,000 ரூபாய், கிலோவுக்கு 1 ரூபாய் 80 காசு. அப்போது ஏஜென்டிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். சுங்கச் சட்டம் 18-ஆம் பிரிவின்கீழ் பாண்டு (உறுதிப் பத்திரம்) கொடுத்துத் தற்காலிக மதிப்பீட்டில் விடுவிக்கக் கேட்டாரா? அது முடியாதென்றால், 49-ஆம் பிரிவின்கீழ் சரக்கைக் கிடங்குக்கு மாற்றக் கேட்டாரா? இரண்டாவதைச் செய்தால் பெட்டியைக் காலி செய்து லைனிடம் ஒப்படைத்துவிடலாம், மீட்டர் ஓடாது. கேட்காத ஏஜென்டே அதிகம். நாள் ஓடினால் அவருக்கு நஷ்டமில்லை என்பதுதான் காரணம்.

சுங்க அதிகாரி நிறுத்திவைத்த சரக்குக்கு வாடகை கேட்கக் கூடாது என்று 2009 ஒழுங்குமுறை சி.எஃப்.எஸ்.ஸுக்குச் சொல்கிறது. பில் ஆஃப் என்ட்ரிப் பதிவைச் சரிபார்க்க நிறுத்தி, பதிவு சரியென்று முடிந்தால் முதல் 60 நாளுக்குக் கண்டெய்னர் டிடென்ஷன் கேட்கக் கூடாது என்று 2018-ஆம் ஆண்டின் கடல் சரக்குப் பட்டியல் ஒழுங்குமுறை லைனுக்குச் சொல்கிறது. இதற்குச் சுங்கத்தில் டிடென்ஷன் சான்று (சரக்கை நிறுத்திவைத்ததற்கான சான்று) கேட்டு மனு போடவேண்டும். கேட்டவுடன் பணம் வந்துவிடும் என்று சொல்லமாட்டோம், இழுத்தடிப்பார்கள். ஆனால் மனுவே போடாமல் முழுத் தொகையைக் கட்டிவிட்டு "ஆக்சுவல்" என்று பில் போடுவதை ஏற்காதீர்கள்.

வெளியே எடுத்த பெட்டியைக் காரைக்குடிவரை கொண்டுவந்து, 1,000 மூட்டையை இறக்கி, காலிப் பெட்டியைத் தூத்துக்குடி யார்டில் சேர்க்கும்வரை நாள் ஓடும். ட்ரெய்லர் திரும்பாத தெருவில் செட் இருந்தால், ஃபோர்க்லிஃப்ட் இல்லாமல் ஜம்போ பை வாங்கியிருந்தால், ஒரு நாள் அங்கேயே போய்விடும். சி.எஃப்.எஸ்.ஸிலேயே லாரிக்கு மாற்றுவது சில வேளை மலிவு. ஆனால் இரட்டைக் கூலி, ரீபிராசஸ் மூட்டைகள் மெலிசு, கிழியும். இரண்டு வழிக்கும் விலை கேட்டு முடிவெடுங்கள். பெட்டி வெளியேறும்போது வாயிலில் தரும் நிலைச் சீட்டில் நசுங்கல், ஓட்டை எல்லாம் எழுதப்பட்டிருக்கிறதா என்று ஓட்டுநர் பார்க்கவேண்டும், நான்கு பக்கமும் படம் எடுக்கவேண்டும். இல்லையென்றால் பழைய நசுங்கலுக்கு, லைனிடம் நீங்கள் கட்டிய டெபாசிட்டில் பிடிப்பார்கள்.

சரக்குத் தரகர் விஷயம் இன்னும் நுட்பமானது. 2018-இல் சீனா பிளாஸ்டிக் கழிவு இறக்குமதியை நிறுத்தியபின் மலேசியா, வியட்நாம், தாய்லாந்துப் பக்கம் மறுசுழற்சி ஆலைகள் பெருகின. அவற்றோடு தரகர்களும் பெருகினார்கள். உங்களிடம் டன்னுக்கு 10 டாலர் வாங்குகிறவர் அங்கேயும் 20 டாலர் வாங்கலாம். அது விலைக்குள்ளேயே இருக்கும். "இந்த விற்பனையில் வேறு யாரிடமும் கமிஷன் இல்லை, இருந்தால் இவ்வளவு" என்று எழுதிக் கேளுங்கள். எழுத மறுப்பதும் ஒரு பதில்தான். இதில் வரியும் இருக்கிறது: வாங்குபவருக்காக வேலை செய்பவரின் கமிஷன் சுங்க மதிப்பில் சேராது, விற்பவரின் ஆளுக்கு நீங்கள் கொடுக்கும் கமிஷன் சேரும். யாருடைய ஆள் என்பது காகிதத்தில் தெளிவாக இல்லையென்றால் பின்னாளில் நோட்டீஸ் வரும்.

"பி.பி., ஹெச்.டி. மிக்ஸ், 80 டாலர் குறைவு" என்று பாலிபுரோப்பிலீனும் (பி.பி.) அடர் பாலிஎத்திலீனும் (ஹெச்.டி.) கலந்த சரக்கு வந்தால் தொடாதீர்கள். கழிவிலிருந்து செய்த கிரான்யூல்ஸ் ஒரே வகைத் தெர்மோபிளாஸ்டிக்காக இருந்தால்தான் பாலிஎத்திலீனுக்குரிய 3901, பாலிபுரோப்பிலீனுக்குரிய 3902 போன்ற சுங்கவரிப் பட்டியல் தலைப்புகளில் வரும். கலவையாக இருந்தால் குருணையாக்கியிருந்தாலும் 3915, அதாவது கழிவு. கழிவு இறக்குமதிக்கு 2019 மார்ச்சில் திருத்திய விதிகள் தடை போட்டிருக்கின்றன. 80 டாலர் மிச்சம் பிடிக்கப்போய்ப் பெட்டியைத் திருப்பி அனுப்பும் செலவை ஏற்க நேரும். அந்தச் செலவில் தரகருக்குப் பங்கில்லை. பேக்கேஜிங் செய்யப் பயன்படும் ரெசினோ குருணையோ கொண்டுவருகிறவர் மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியத் தளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்பதும் 2024 திருத்தத்தில் வந்துவிட்டது. அதையும் முன்கூட்டியே முடியுங்கள். ஆசியான் சலுகை வரி உண்டு என்று பிறப்பிடச் சான்றிதழுக்குத் தனிக் கட்டணம் கேட்டால், உங்கள் எட்டு இலக்கக் குறியீட்டுக்கு அது பொருந்துமா, ஆலையின் மூலக் கழிவு எந்த நாட்டுடையது என்று முதலில் கேளுங்கள். 2020 முதல் அந்த விவரத்தை வைத்திருக்கும் பொறுப்பு இறக்குமதியாளருடையது.

தரத்தைப் பார்க்க ஆய்வகத்துக்குப் போகுமுன் ஒரு டம்ளர் தண்ணீர் போதும். ஹெச்.டி. குருணை மிதக்கவேண்டும். பத்துச் சதவீதம் அளவுக்குச் சுண்ணாம்புப் பொடி கலந்திருந்தாலே அடர்த்தி ஒன்றைத் தாண்டி மூழ்கிவிடும். ஒரு கைப்பிடி போட்டு, ஒட்டிய காற்றுக்குமிழி போகக் கலக்கி, எத்தனை அடியில் தங்குகிறது என்று எண்ணுங்கள். மூழ்குகிற ஒவ்வொரு குருணையிலும் பிளாஸ்டிக் விலைக்குச் சுண்ணாம்பு வாங்கியிருக்கிறீர்கள், அதற்கு வரியும் கட்டியிருக்கிறீர்கள். அடர்த்தி குறைந்த பாலிஎத்திலீனான எல்.டி.யில் இந்தச் சோதனை அவ்வளவு எளிதில் காட்டிக்கொடுக்காது. எரித்தபின் மிஞ்சும் சாம்பல் அளவு பார்க்கவேண்டும். ஆர்டரில் சாம்பல், ஈரப்பதம், எம்.எஃப்.ஐ. (உருகி வழியும் அளவு) மூன்றுக்கும் எல்லை எழுதுங்கள். எம்.எஃப்.ஐ.க்கு வெப்பமும் எடையும் சேர்த்து எழுதவேண்டும்: பாலிஎத்திலீனுக்கு 190 டிகிரி, 2.16 கிலோ, பி.பி.க்கு 230 டிகிரி, அதே எடை. வெறுமனே "எம்.எஃப்.ஐ. 8" என்றால் பிறகு வாதாட ஒன்றுமில்லை. சோதித்துப் பார்க்க மதுரையிலேயே மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிப்பெட் இருக்கிறது. ஏற்றுமுன் வந்த மாதிரியை இரண்டாகப் பிரித்து ஒன்றை முத்திரையிட்டு வையுங்கள். குறை வந்தால் "அடுத்த பெட்டியில் சரிக்கட்டிக்கலாம்" என்பார் தரகர். அந்தச் சரிக்கட்டலை நம்பி அடுத்த பெட்டியையும் அவரிடமே, அவர் சொன்ன விலைக்கே வாங்குவீர்கள். பணமாகக் கேளுங்கள்.

வங்கியும் ஒரு ஏஜென்ட்தான். டாலர் வாங்கும்போது 50 காசு கூடுதலாக வைத்தால் 17,500 டாலருக்கு 8,750 ரூபாய். கிலோவுக்கு 35 காசு. எந்தச் சீட்டிலும் இது கட்டணம் என்று வராது. அந்த நேரத்துச் சந்தை விகிதத்தைக் கேட்டு, அதன்மேல் எத்தனை காசு என்று கிளையோடு எழுதிப் பேசிக்கொள்ளுங்கள். 2019-இல் தொடங்கிய, டாலர் வாங்கி விற்கும் எஃப்.எக்ஸ்.-ரீட்டெயில் தளத்தில் உங்கள் வங்கி வழியாகப் பதிவு செய்துகொள்ளலாம். அதைப் பற்றிக் கேட்டாலே சில கிளைகள் விகிதத்தை இறக்குகின்றன.

தூத்துக்குடியிலும் சென்னையிலும் இருக்கிற ஏஜென்டுகளும் இதைப் படிப்பீர்கள். உங்களிடம் கேட்பது மூன்று. ஆர்டருக்கு முன் முழுச் செலவுப் பட்டியல், நிச்சயமானது எது, மாறக்கூடியது எது என்று பிரித்து. பெட்டி திரும்பிய பத்து நாளில் ரசீதுகளோடு முடிவுக் கணக்கு. டெபாசிட் திரும்பியதும் அன்றே தகவல். இவ்வளவும் செய்கிறவருக்கு ஏஜென்சிக் கட்டணத்தை உயர்த்தித் தரவும், கணக்கு வந்த ஏழாம் நாள் பணம் அனுப்பவும் இங்கே ஆட்கள் இருக்கிறார்கள். பட்டியலை கிலோவுக்கு இத்தனை காசு என்ற கணக்கில் அனுப்பினால் படிக்க எளிது.

இப்படிக்கு,
செட்டிநாட்டுத் தொழிற்கூடங்களுக்கு இறக்குமதிக் கணக்குப் பார்க்கிறவர்கள்
காரைக்குடி